ஊர் பேர்

இந்த ஊருக்குத் தபால் கொண்டுவருகிறவள் நான்.
சிவப்பு வண்டி, ஈரப் பாதை, நாற்பத்தொரு வீடு.
ஊர்ப் பலகையில் தார்ன்சைக் என்றிருக்கும்.
நாற்பத்தொரு கதவில் ஒன்றிலும்
தார்ன்சைக் என்று ஒரு குடும்பம் கிடையாது.

இருக்கவும் முடியாது.
எல்லாரும் இங்கேயே இருக்கையில்
யாரை யார் அப்படிக் கூப்பிடுவது?
வேலி தாண்டிப் போனவனுக்குத்தான்
ஊர், பேராகிறது.

தார்ன் என்றால் முள்.
சைக் என்பது எங்கள் வடக்கத்திப் பேச்சில்
கோடையில் வற்றிப்போகும் சிற்றோடை,
ஆடு ஒன்று தாண்டிவிடும் அகலம்.
அவ்வளவுதான் பொருள்.
ஊர் பேர் தெரியாத எவனோ
மாட்டைத் தேடி வந்தவனுக்குக் கைநீட்டி
"அந்த முள்ளோடைப் பக்கம்" என்றிருப்பான்.
நீட்டிய கை இன்னும் மடங்கவில்லை.

கொள்ளைநோய் ஓய்ந்த வருஷம்
கூலி கூடக் கிடைக்குமென்று
யார்க் நகரத்துக்கு நடந்தான் ஹாமண்ட்.
கோட்டை வாசலில் கணக்கெழுதுகிறவன் கேட்டான்:
எந்த ஊர்?
சொன்னான்.
சொன்னதையே பேரென்று எழுதிக்கொண்டான் அவன்.
அறுவடைக்குத் திரும்பியபோது
இங்கே அவன் பழையபடி
வெறும் ஹாமண்ட்.

பிறகு காதுக்குக் காது தேய்ந்தது.
நூற்பாலைச் சம்பளப் பட்டியலில் தார்ன்சிக்.
இரண்டு பாலாடைக்கட்டி திருடியதற்காகக்
கப்பலேறியவன்
டாஸ்மேனியாவில் இறங்கும்போது தார்ன்சாக்.
நியூசிலாந்தில் ஒரு தெரு,
முள்ளும் இல்லை, ஓடையும் இல்லை,
இரண்டு கார் ஷெட், ஒரு நாய்.
ஒஹையோவில் தாரன்சி;
ஓடை முழுக்க வற்றி ஓசை மட்டும் மிச்சம்.

அந்த ஒஹையோ தாரன்சி ஒரு பல் டாக்டர்.
வருஷம் மூன்று கடிதம் போடுகிறார்,
"தார்ன்சைக் குடும்பத்தார்" என்று விலாசமிட்டு:
எங்கள் கோட்டை எங்கே இருந்தது?
கோட்டை!
இருப்பது ஒரு பஸ் நிழற்குடை.
அதன் கண்ணாடியும் போன மாதம் உடைந்துவிட்டது.

ஆகஸ்டில், பர்மிங்காமிலிருந்து
அந்த நிழற்குடையில் வந்து இறங்கினார்
வெர்லின் தார்ன்சைக்.
ஜமைக்காவில் பிறந்தவர், முப்பது வருஷம் நர்ஸ்.
பலகையில் உள்ளபடி
எழுத்துப் பிசகாத பேர்.

ஹாமண்டை எழுதியவன் எந்த ஊர் என்றாவது கேட்டான்.
இவருடைய ஆட்களை எழுதியவன் அதுவும் கேட்கவில்லை.
கரும்புத் தோட்டக் கணக்கில்
கழுதை இத்தனை, கொப்பரை இத்தனை,
அதற்குக் கீழே மனிதர்கள்;
ஞானஸ்நானத்தன்று முதலாளி பேரே
எல்லார் மேலும்,
நான் தபாலில் குத்துகிற முத்திரையைப் போல.

பலகையோடு ஒரு படம் எடுக்கட்டுமா என்றேன்.
"வேண்டாம். முள் எனக்குப் பழக்கம்தான்.
ஓடையைக் காட்டு."

சாலைக்கு அடியில் சிமென்ட் குழாயில் போகிறது அது,
போகிற மாதங்களில்.
முட்டி போட்டுக் காதை வைத்தார்.
கேட்கிறதா?
"லாரிச் சத்தம்," என்றார்.
சிரித்தோம். அதற்குப் பின் சிரிக்கவில்லை.
என் சாண்ட்விச்சில் பாதியைத் தந்தேன்.
உன் குடும்பப் பேர் என்ன என்று கேட்டார்.
ரிம்மிங்டன் என்றேன்.
அதுவும் ஓர் ஊர்தானாம், தெற்கே எங்கோ.
நான் போனதில்லை.

அடுத்த ஒஹையோ கடிதம் வந்ததும்
மூன்று நாள் வண்டியிலேயே வைத்திருந்தேன்.
"அப்படி யாரும் இங்கில்லை" முத்திரையை
மை தொட்டு எடுத்து, குத்தாமல் வைத்தேன்.
வெர்லினிடம் போனில் கேட்டுக்கொண்டு
உறையின் பின்பக்கம் எழுதினேன்
அவருடைய பர்மிங்காம் விலாசத்தை,
கீழே ஒரு வரி:

பேர் முழுசாக இவரிடம்தான் இருக்கிறது, ஐயா.
கோட்டையைப் பற்றியும் இவரையே கேளுங்கள்.